"பயம் வர்ற எடத்தத் தவிர்க்கவும்"னு போட்ட அந்த வரிய திருத்துங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம பேப்பரோட வந்த இணைப்புல பதட்டம், பயம் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. யாரும் தொடாத விஷயத்த தொட்டீங்க, அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா கீழ ஒரு பெட்டி கட்டி யோசனையெல்லாம் வரிசையா போட்டிருந்தீங்கல்லா, அதுல மூணாவதா "பயம் தரும் இடங்களைத் தவிர்க்கவும்"னு இருந்துச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடுதாசி. அந்த வரிய நான் 10 வருஷம் அப்படியே கடைபிடிச்சவ. யாரும் எனக்கு சொல்லித் தரல, நானாத்தான் செஞ்சேன், அதனால என்ன ஆச்சுன்னு சொல்றேன் கேளுங்க.

எனக்கு வாக்கப்பட்ட வீடு நெல்லை டவுன், பொறந்த வீடு பாளையங்கோட்டை. நடுவுல தாமிரபரணி ஓடுது. 2012ல ஆனித் தேருக்கு மொத நாளு அம்மா வீட்ல தங்கிட்டு காலைல தேர் பாக்க பஸ் ஏறுனேன், கொக்கிரகுளம் தாண்டி சுலோச்சன முதலியார் பாலத்துல ஏறி நடுவுல வந்ததும் பஸ் நின்னுட்டு. அன்னைக்கு கூட்டம் எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். எதுத்தாப்ல ஒரு லாரி உறுமிக்கிட்டு போச்சு, காலுக்குக் கீழ பாலம் லேசா அதிர்ந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது, வேற ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை ரெண்டும் சில்லுனு ஆயிட்டு, விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு, மூச்சு பத்தல, இப்பவே எறங்கலேன்னா செத்துருவேன்னு தோணிட்டு. கண்டக்டர் வேண்டாம்னு சத்தம் போட்டும் கேக்காம எறங்கி ஜங்ஷன் பக்கம் ஓடிட்டேன். எறங்கி ஓடுனதும் நெஞ்சு லேசாச்சு பாருங்க, அந்த லேசான நிமிஷத்துலதான் எனக்கு நோயே புடிச்சிருக்கு. ஓடுனதாலதான் பொழச்சேன்னு மூளை எழுதி வச்சிக்கிட்டு. இது எனக்கு பத்து வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

அடுத்த வாரம் பாளைக்குப் போகணும்னு நெனச்சாலே வயித்தக் கலக்கும், சரி நாளைக்குப் போவோம்னு இருந்துருவேன். நாளைக்குன்னதும் நிம்மதியா இருக்கும். அப்படியே ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். வேற வழியா சுத்திப் போலாமேன்னு கேப்பீங்க, எங்க சுத்துனாலும் ஆத்த தாண்டித்தான ஆகணும், ஆத்துக்கு மேல பாலமில்லாம வழி ஏது. பொறவு ஈரடுக்கு மேம்பாலமும் ஆகாமப் போச்சு, அதுக்குப் பொறவு பஸ்ஸே ஆகல. ஒதுங்க ஒதுங்க பயம் கொறையும்னு பாத்தா அது ஒரு பாலத்துல இருந்து எறங்கி என் வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்துட்டு. தங்கச்சி மக சடங்குக்கு போகல. மேலுக்கு முடியலன்னு பொய் சொன்னேன்.

வீட்ல ஒண்ணும் பாக்காம இருக்கல. நெஞ்சு வலியா இருக்கும்னு ஈசிஜி எடுத்தாவ, தைராய்டு பாத்தாவ, ரத்தம் கொறவான்னு பாத்தாவ, எல்லாம் சரியா இருந்துச்சு. இந்த டெஸ்டெல்லாம் தேவைதான், தைராய்டு கூடிக் கெடந்தாலும் இதே மாதிரி படபடப்பு வரும். மாமியார் பயந்த கோளாறுன்னு சொல்லி துண்ணூறு போட்டு கயிறு கட்டிவிட்டாவ, பாசத்துல செஞ்சது, நான் கொற சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரக, "அந்தப் பாலம் 1843ல தெறந்தது, முதலியார் சொந்தக் காசப் போட்டு கட்டுனது, 92 வெள்ளத்துக்கே நின்னுச்சு, ஒன் பஸ்ஸுக்கா விழுந்துரப் போவுது"ன்னு வெவரமா எடுத்துச் சொல்வாவ. எனக்குத் தெரியாதா? பாலம் விழாதுன்னு என்னைய விட நல்லா தெரிஞ்சவ யாரு. இதத்தான் வெளிய இருக்கவங்களுக்கு புரிய வைக்க முடியல, இந்தப் பயம் அறிவுக்குக் கட்டுப்படாது, அறிவுக்கு தெரிஞ்சும் ஒடம்பு கேக்காது. எங்க அண்ணன் ஒருநாள் பைக்ல ஏத்திட்டுப் போய் பாலத்து நடுவுல நிறுத்தி "இப்ப பாரு, என்ன ஆவுது"ன்னு நிக்க வச்சான். அழுது கீழ உக்காந்துட்டேன். அன்னையில இருந்து பயம் ரெண்டு மடங்கு ஆச்சு. யாரும் யாரையும் இப்படி செய்யாதீங்க, கையெடுத்துக் கும்புடுறேன்.

2022 மாசி மாசம் அம்மாவுக்கு ரொம்ப முடியாம ஆஸ்பத்திரியில சேத்துட்டாவ. பத்து வருஷத்துல மொத தடவ ஆத்தத் தாண்டுனேன். எப்படின்னா, ஆட்டோவுல எங்க வீட்டுக்காரக மடியில தல வச்சு, கண்ண இறுக்க மூடி, முந்தானையால மூஞ்சிய மூடி, முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே. அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல நான் நடுங்கிட்டு நின்னதப் பாத்து அங்க இருந்த ஒரு நர்ஸம்மா தனியா கூட்டிட்டுப் போய் வெவரம் கேட்டாவ. "இதுக்குப் பேரு போபியா, இதுக்கு வைத்தியம் இருக்குக்கா, ரொம்ப நாள் கூட ஆவாது"ன்னு சொன்னாவ. எனக்கு நம்பிக்கையே வரல, பத்து வருஷம் போன பொறவு ரொம்ப நாள் ஆவாதுன்னா.

மனநல டாக்டர்கிட்ட போறேன்னதும் சொந்தத்துல ஒருத்தி "கோட்டி புடிச்சவங்க போற எடத்துக்கா போற"ன்னு கேட்டா. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தன பேரு வீட்லயே கெடக்காங்களோ. 22 நாடுகள்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுகள கேட்டு எடுத்த கணக்குல, வாழ்நாள்ல ஒரு தடவயாவது இந்த மாதிரி குறிப்பிட்ட ஒண்ணு மேல போபியா வந்தவங்க நூத்துக்கு 7 பேருக்கு மேல. பொம்பளைங்க ஆம்பளைங்கள விட ரெண்டு மடங்கு கிட்ட. நாய், பூச்சி, உயரம், இடி, ரத்தம், ஊசி, லிப்ட், பாலம்னு எதுல வேணா வரலாம். சாதாரண பயத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, ஆபத்துக்கு சம்பந்தமில்லாத அளவு இருக்கும், ஆறு மாசத்துக்கு மேல விடாது, பொழப்ப கெடுக்கும். டாக்டரம்மா மொத நாளு கேட்டது, "வீட்ல சும்மா இருக்கும்போதும் திடீர்னு இப்படி வருமா, இல்ல பாலத்துல மட்டுமா"ன்னு. காரணமே இல்லாம திடீர் திடீர்னு வந்துக்கிட்டு இருந்தா அது வேற வகையாம், வைத்தியமும் கொஞ்சம் மாறுமாம்.

பொறவு ஒரு சைக்காலஜிஸ்ட் பொண்ணுகிட்ட அனுப்புனாவ, என் மக வயசுதான் இருக்கும், அக்கா அக்கான்னுதான் கூப்பிடும். மொதல்ல ஒடம்புல என்ன நடக்குதுன்னு சொல்லிச்சு. ஆபத்துன்னு மூளை மணி அடிச்சதும் அட்ரினலின் சுரக்கும், ஓடுறதுக்காக நெஞ்சு வேகமா அடிக்கும், மூச்சு ரொம்ப வேகமா வாங்குறதால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு விரல் மரத்துப் போகும், தல சுத்தும், இதுல எதுவும் சாவு இல்லக்கா, வீட்ல கேஸ் கசியாமலேயே அலாரம் அடிக்குற மாதிரின்னு. அதுக்கப்புறம் ஒரு பேப்பர எடுத்து ஏணி மாதிரி வரைஞ்சு, பயத்துக்கு 0ல இருந்து 100 வரைக்கும் மார்க் போடச் சொல்லிச்சு. போன்ல பாலத்து போட்டோவ பாக்குறதுக்கு நான் போட்ட மார்க் 20. ஜங்ஷன் பக்கம் பாலத்து ஓரத்துல நிக்குறது 40. மொத வெளக்குக் கம்பம் வரைக்கும் நடக்குறது 60. நடுப்பாலம் 85. பஸ்ல தனியா போறது 100.

கீழ்ப்படியில இருந்து ஒவ்வொண்ணா ஏறணும், எப்ப ஏறணும்னு நான்தான் முடிவு பண்ணனும், ஆனா ஏறுன படியில இருந்து பயத்தோட ஓடி எறங்கக் கூடாது, இதான் சட்டம். மொத நாளு பாலத்து ஓரத்துல நின்னப்ப 40ன்னு போட்டது 70க்கு போயிட்டு. ஓடணும்னு காலு துடிக்குது. அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ "இப்ப எத்தனக்கா"ன்னு மட்டும் கேக்கும், தைரியமா இருங்கன்னு ஒரு தடவ கூட சொல்லல. 70, 70, 65, 50. முக்கா மணி நேரத்துல 30க்கு வந்துட்டு. நான் ஒண்ணுமே செய்யல, சும்மா நின்னேன். மேல ஏறுன பயம் தானா எறங்கும்னு 10 வருஷத்துல ஒரு தடவ கூட நான் பாத்ததே இல்ல, ஏன்னா எறங்குறதுக்கு முன்னாடியே நான் ஓடிருவேன்.

இன்னொண்ணு சொல்லிச்சு, அது எனக்கு கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. கண்ண மூடக் கூடாது, வீட்டுக்காரக கையப் புடிக்கக் கூடாது, தண்ணி பாட்டில நெஞ்சோட அணைச்சுக்கக் கூடாது, பாலத்துல முருகன் பேர சொல்லிக்கிட்டே நடக்கவும் கூடாதுன்னு. "சாமி கும்புடுங்கக்கா, வீட்ல நல்லா கும்புடுங்க, ஆனா இங்க சொல்லிக்கிட்டே போனீங்கன்னா அதனாலதான் தப்பிச்சோம்னு மூளை நெனச்சுக்கும், பாலம் ஒண்ணும் செய்யாதுன்னு கத்துக்காது"ன்னு வெளக்குச்சு. யோசிச்சுப் பாத்தா சரிதான், மூஞ்சிய மூடிக்கிட்டு ஆட்டோவுல போய் வந்ததுல என் பயம் ஒரு மார்க்கு கூட கொறஞ்சதே இல்ல.

ஒன்பது வாரத்துல நான் பஸ்ல தனியா பாளைக்குப் போனேன். அம்மா அப்ப வீட்டுக்கு வந்துட்டாவ. வாசல்ல என்னைய பாத்துட்டு ஒண்ணும் பேசல, உள்ள போய் காபி போட்டாவ.

இந்த வைத்தியம் புதுசுன்னு நெனைக்காதீங்க. 1924லயே மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்கக்கார அம்மா, முயலப் பாத்தா அலறுற மூணு வயசுக் கொழந்தைக்கு பிடிச்ச தீனியக் குடுத்துக்கிட்டே முயலக் கொஞ்சங் கொஞ்சமா பக்கத்துல கொண்டு வந்து பயத்த போக்கிருக்காவ. 1958ல ஜோசப் வோல்ப்னு தென்னாப்பிரிக்க டாக்டரு இத முறையா எழுதி வச்சாரு. சுவீடன்ல லார்ஸ் யோரான் ஓஸ்ட்னு ஒருத்தரு மூணு மணி நேரத்துக்குள்ள ஒரே தடவையில முடிக்குற முறையவே கொண்டு வந்துட்டாரு. நூறு வருஷமா இருக்குற மருந்த நம்ம ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலங்குறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஊசி, ரத்தம் பாத்தா மயங்குறவங்களுக்கு மட்டும் ஒரு தனி விஷயம் இருக்கு, இத அவசியம் போடுங்க. மத்த பயத்துல பீபி ஏறும், அதனால மயக்கம் வர்ற மாதிரி இருந்தாலும் பொதுவா மயங்கி விழ மாட்டோம். இவங்களுக்கு மொதல்ல ஏறி அப்புறம் டக்குனு எறங்கிரும், நெசமாவே விழுந்துருவாங்க. எங்க மைனி மகன் அப்படித்தான், காலேஜ்ல ரத்தம் குடுக்குற முகாம்ல பக்கத்துல நின்னதுக்கே சாஞ்சுட்டான். இவங்ககிட்ட போய் ஒடம்ப தளர விடு, ரிலாக்ஸ் பண்ணுன்னு சொல்றது தலகீழ் யோசனை. அந்தப் பொண்ணு அவனுக்கு சொல்லிக் குடுத்தது என்னன்னா, கை, காலு, வயிறு மூணையும் 10, 15 செகண்டு மூஞ்சி சூடேறுற வரைக்கும் இறுக்கிப் புடிக்கணும், பொறவு 20, 30 செகண்டு சாதாரணமா விட்டுரணும், அஞ்சு தடவ. பீபி எறங்காம இது தாங்கிப் புடிக்கும். ஊசி போடுற கைய மட்டும் இறுக்காம தளர்வா விட்டுரணும். இப்ப சக்கரைக்கு ரத்தம் எடுக்க பயந்து டெஸ்டே பண்ணாம இருக்குற பெரியாளுக எத்தன பேரு, அவங்களுக்கெல்லாம் இது தெரிய வேண்டாமா.

மாத்திரை பத்தி கேப்பீங்க. எப்பவும் பதட்டமாவே இருக்கவங்களுக்கு, திடீர் திடீர்னு படபடப்பு வர்றவங்களுக்கு டாக்டர் குடுக்குற மாத்திரை நல்லா கேக்கும், அத யாரும் பாதியில நிறுத்தாதீங்க. ஆனா என் மாதிரி ஒரு பொருளு, ஒரு எடம்னு இருக்குற பயத்துக்கு இந்தப் பழக்கந்தான் மெயின் வைத்தியம்னு டாக்டரம்மாவே சொன்னாவ. பக்கத்து வீட்ல குடுத்தாங்கன்னு தூக்க மாத்திரை வாங்கிப் போட்டு பழகிட்டா அதுக்கு அடிமையாகி இன்னொரு வம்பு.

2023 டிசம்பர் 17, 18ல வந்த வெள்ளத்த யாரும் மறந்திருக்க மாட்டோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்ச மழ. டிவியில ஆறு ஓடுற வேகத்தப் பாத்துட்டு தண்ணி வடிஞ்ச பொறவும் ஜனவரி முழுக்க எனக்குப் பாலத்துல காலு வைக்க முடியல. வெள்ளத்துல பாலத்துக்குப் போகாதேன்னா போகக் கூடாதுதான், அது நெசமான ஆபத்து. ஆனா தண்ணி வடிஞ்சு ஊரே போய் வரும்போது நான் மட்டும் நின்னுட்டேன். எல்லாம் வீணாப் போச்சுன்னு அழுதேன். அந்தப் பொண்ணு போன்ல, "பழைய பயம் அழிஞ்சு போகாதுக்கா, அதுக்குப் பக்கத்துல புதுசா ஒண்ணு எழுதிருக்கோம், அவ்வளவுதான், மறுபடியும் மொதப் படியில இருந்து நில்லுங்க"ன்னு சொல்லிச்சு. நாலு சாயங்காலம் போய் நின்னேன். சரியாப் போச்சு.

அந்தப் பெட்டிய மறுபடி போடுங்க ஐயா, ஆனா மூணாவது வரிய எடுத்துட்டு. அந்த எடத்துல பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குன்னு போடுங்க. வெளிய வர முடியாதவங்களுக்கு 14416ங்குற டெலி மானஸ் நம்பர, அதாவது அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர போடுங்க, 2022 அக்டோபர்ல இருந்து இருக்கு, ராத்திரி பகல் எப்ப வேணாலும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. எழுத்த கொஞ்சம் பெருசா போடுங்க, வீட்ட விட்டு வராத வயசானவங்க பேப்பரத்தான் படிக்காவ.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி டவுன்.