இரண்டாம் ஓட்டுநர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, அதையெல்லாம் அக்கா சொல்லியிருப்பாள்.

நீ அக்காவுக்கு அனுப்பிய பயணத் திட்டம் என் கைக்கு வந்துவிட்டது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ரயில் நேரம் சரிதானா என்று கேட்பதற்காகத்தான் எனக்கு அனுப்பினாள். ரயில் என்றால் நம் வீட்டில் வேறு யாரிடம் கேட்பார்கள்? ஒரு வாரமாக அந்தத் தாளையும் ஸ்காட்லாந்து வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் பக்கத்திலிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டை ஒட்டிப் போவதாக எழுதி, பிறகு அடித்துவிட்டு ஜனவரி நடுவுக்கு மாற்றியிருக்கிறாய். அது மிகவும் சரி. ஸ்காட்லாந்தில் ஜனவரி 1 மட்டுமல்ல, 2-ம் தேதியும் விடுமுறை. பனியில் போய் இறங்கிப் பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியோடு நிற்க வேண்டியிருந்திருக்கும். லண்டன் யூஸ்டனிலிருந்து புறப்படும் படுக்கை ரயில் சனிக்கிழமை இரவில் ஓடுவதில்லை என்பதையும் கவனித்து, வெள்ளிக்கிழமை இரவைப் பிடித்திருக்கிறாய். உன் அம்மாவிடம் இதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அந்த ரயிலை எடின்பரோவில் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதி அபர்டீனுக்கு, ஒரு பகுதி ஃபோர்ட் வில்லியமுக்கு, ஒரு பகுதி நீ போகும் இன்வெர்னஸுக்கு. நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது இது நடக்கும். ஏறும்போதே பெட்டி எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு படு. விடிவதற்கு முன்பே எழுந்துவிடு. ட்ரமோக்டர் கணவாயில் பாதை 452 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. பிரிட்டனின் முக்கிய ரயில் பாதைகளில் இதுதான் மிக உயரமான இடம். அங்கே போகும்போது இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் வண்டியின் சத்தம் மாறுவது உனக்குக் கேட்கும். சிறு வயதில் கண்ணை மூடிக்கொண்டே ‘அப்பா, பாலம் வந்துவிட்டது’ என்று சொன்னவள் அல்லவா நீ.

குளிரில் தண்டவாளம் சுருங்கும். இழுபட்டு இழுபட்டு, பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். அதற்காகத்தான் குளிர்கால இரவுகளில் எங்களை நடக்கவிட்டார்கள். விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போவேன். விரிசல் மயிர் அளவுதான் இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், நேராகப் பிடித்தால் தெரியாது. நீ போகும் பாதையையும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரயிலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கவலை காரைப் பற்றித்தான்.

நம் நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியேறியவர்கள் 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு அவர்களுடைய தேர்வில் தேற வேண்டும். உன் தாளில் ‘ஓட்டுநர் 1’ என்ற இடத்தில் உன் பெயரும், பிரிட்டிஷ் லைசென்ஸ் என்பதும் இருந்தன. எப்போது தேறினாய், பாப்பா? எழுத்துத் தேர்வு, சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு, இரண்டையும் வேலைக்குப் போய்க்கொண்டே முடித்திருக்கிறாய். நம் வீட்டுப் பெண் ஒருத்தி வெளிநாட்டில் கார் ஓட்டுகிறாள் என்று நான்கு பேரிடம் சொல்லியிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிட்டாய்.

சரி, அது போகட்டும். வாடகை அலுவலகம் சனிக்கிழமை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இப்போதே எழுதிக் கேள். ரயில் தாமதமானால் என்ன செய்வார்கள் என்றும் கேள். முன்பணத்தைப் பிடித்துவைக்கக் கிரெடிட் கார்டு கேட்பார்கள், அது முதல் ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். லைசென்ஸ் விவரம் பார்க்க அரசு இணையதளத்தில் ஒரு குறியீட்டு எண் எடுக்கச் சொல்வார்கள். அது 21 நாள்தான் செல்லும், எனவே முன்கூட்டியே எடுத்துவைத்துவிடாதே. இரண்டாவதாக ஓட்டப்போகிறவரும் தம் லைசென்ஸோடு நேரில் வந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்யாதவர் ஐந்து நிமிடம் ஓட்டினாலும் காப்பீடு செல்லாமல் போகும்.

பிரிட்டனில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. பனியில் போவதாயிற்றே, நல்ல டயர்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்துவிடாதே. கேள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கையை வைத்து டயரின் பள்ளத்தைத் தடவிப் பார். கிளம்புவதற்கு முன் காரை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்.

அந்தச் சமயத்தில் இன்வெர்னஸில் காலை 8.45 அளவில்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணி தாண்டியதும் விழுந்துவிடும். ஏழரை மணி நேரத்துக்கும் குறைவான வெளிச்சம்தான் உனக்கு. நீ ஒரு நாளில் ஆறு இடம் எழுதியிருக்கிறாய். மூன்றை அடித்துவிடு. மூன்றரை மணிக்குத் தங்கும் இடத்தில் இருக்க வேண்டும். அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு இறங்கும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும், உடனே கிளம்பிவிடாதே.

தரை காய்ந்திருக்கும்போதே மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் கார் நிற்க 73 மீட்டர் வேண்டும் என்று அவர்களுடைய சாலை விதிப் புத்தகம் சொல்கிறது. பனிக்கட்டியின் மேல் அது பத்து மடங்கு வரை ஆகலாம். தேர்வுக்கு நீயும் படித்திருப்பாய். இன்னொன்றும் அதில் இருக்கிறது, அதை மறக்காதே: ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டால், சாலை நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி மேல் போகிறாய் என்று அர்த்தம். பிரேக்கை மிதிக்காமல், காலை மெதுவாக எடு. சத்தம் இல்லாததுதான் பயப்பட வேண்டியது.

மேற்குப் பக்கத்தில் பல சாலைகளில் ஒரு வண்டி போகத்தான் அகலம் இருக்கும், ஆங்காங்கே ஒதுங்கும் இடம் விட்டிருப்பார்கள். அது உன் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்கு. வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நின்று வழிவிடு. மேலே ஏறி வருகிற வண்டிக்கு முடிந்தவரை நீ வழிவிடு. படம் எடுப்பதற்காக அந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காதே.

ஆப்பிள்கிராஸுக்கு பியாலக் நா பா கணவாய் வழியாகப் போவதாக எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். 626 மீட்டர் உயரம், ஐந்து அடி போனால் ஓர் அடி உயரும் செங்குத்தான ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். பனியும் உறைகுளிருமாக இருக்கும்போது பொதுவாகப் போக முடியாது என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஷீல்டேக் வழியாகக் கடலோரமாகச் சுற்றிப் போகும் சாலை இருக்கிறது. நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும். ஸ்கை தீவுக்குப் போகும் நாளில் காரை விட்டுவிட்டு ரயிலிலேயே போ. இன்வெர்னஸிலிருந்து கைல் ஆஃப் லோகால்ஷ் வரை இரண்டரை மணி நேரம், 1897-ல் கடல்வரை கொண்டுபோய் முடித்த பாதை. அங்கிருந்து பாலத்தைத் தாண்டப் பஸ் இருக்கிறது. ரயில் போகும் இடம்வரை ரயிலில் போ, அதற்கு மேல்தான் கார். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு போகலாம்.

மூன்றரை மணிக்குத் தங்கும் இடத்தில் இருக்க வேண்டும். எழுதிவிட்டேனா? பரவாயில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். வேறு எதற்காகவோ எழுத உட்கார்ந்தேன், கை இதற்கு வந்து நின்றுவிட்டது.

மலையிலிருந்து இறங்கிய அந்த இரவு, எதிரே லாரி எதுவும் வரவில்லை. விளக்கில்லாமல் லாரி வந்தது என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். நான் கண் அசந்துவிட்டேன். அம்மா இரண்டு முறை சொன்னாள், ‘நிறுத்துங்கள், எங்காவது தங்கிவிட்டுக் காலையில் போகலாம்’ என்று. இரவல் கார், விடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அது ஒரு காரணமே இல்லை. கேட்டிருந்தால் அவர் ஒரு நாள் பொறுத்திருப்பார். அவள் சொல்லி நான் நிறுத்துவதா என்று இருந்தது, அவ்வளவுதான்.

சுவரில் மோதி நின்ற பிறகு கண்ணாடியில் பார்த்தேன். பின் இருக்கையில் நீ விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அழவில்லை. மருத்துவமனையில் போலீஸ்காரர் கேட்டபோது, ‘லாரி வந்ததல்லவா, பாப்பா?’ என்று உன் தோளில் கை வைத்துக் கேட்டேன். நீ ‘ஆமாம்’ என்றாய். ஒன்பது வயது உனக்கு. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை நீ எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா இன்றைக்கும் தண்ணீர்க் குடத்தை வலது கையாலேயே தூக்கி இடுப்பில் வைக்கிறாள். குளிர் நாளில் இடது மணிக்கட்டை வலது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். உன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடக்க முடியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘பாப்பாவுக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. அது நியாயம்தான். நீ அவளுக்குப் போன் செய். என்னைப் பற்றிக் கேட்டால் உனக்குத் தெரிந்ததை அப்படியே சொல். எனக்காக எதையும் சேர்க்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான்.

உன் தாளில் ‘ஓட்டுநர் 2’ என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறாய். யார், என்ன, எந்த ஊர் என்று நான் கேட்கப்போவதில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீ நிறுத்து என்றால் நிறுத்துகிறவரா அவர்? சிரிக்காமல், ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று சொல்லாமல், உடனே ஓரம்கட்டி நிறுத்துகிறவரா? அப்படியென்றால் எனக்குப் போதும். இல்லையென்றால் முழுத் தூரமும் நீயே ஓட்டு, அல்லது ரயிலிலேயே போய்விட்டு ரயிலிலேயே திரும்பு. அவர் நிறுத்து என்றால் நீயும் நிறுத்த வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன், நீ என் பெண்.

பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. ஒவ்வொரு நாளும் கிளம்புவதற்கு முன், எங்கே போகிறாய், எங்கே தங்குகிறாய் என்று அக்காவுக்கு ஒரு வரி அனுப்பு. எரிபொருள் பாதிக்குக் குறையும்போதே நிரப்பிக்கொள், வடமேற்கில் அடுத்த பம்ப் வெகு தூரத்தில் இருக்கும். மூடியைத் திறந்து பெட்ரோலா டீசலா என்று படித்துப் பார்த்துவிட்டு ஊற்று. காரில் போர்வை, தண்ணீர், டார்ச், கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் தகடு, எல்லாம் இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருக்கட்டும்.

இன்னொன்று. வாடகைப் படிவத்தை நிரப்பும்போது அந்த இரண்டாம் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. லைசென்ஸில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், அவருடைய முழுப் பெயரையும் எழுது.

இப்படிக்கு,
அப்பா