ஸ்லைடு சொல்லாததும் மரபணு சொல்வதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரைப்பைப் புற்றுநோய்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் உள்ள தொடர்பை மரபணு ஆய்வு காட்டுவதாக உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். நோய்க்கூறியல் ஆய்வகத்தில் 31 வருஷம் டெக்னீஷியனாக இருந்தவள் நான். பயாப்ஸித் துணுக்கை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு போடுவது என் வேலை. என் அண்ணனின் ஸ்லைடையும் நான்தான் போட்டேன். சளிப் படலத்தில், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிகள், வளைந்த சின்னச் சின்னக் குச்சிகளாக. அதற்குக் கீழே சுரப்பிகளுக்கு நடுவில் கருநீலப் புள்ளிகளாக லிம்ஃபோசைட் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் கூட்டம். கொஞ்சம் தள்ளி, புற்று.

கிருமியை விரட்ட வந்த அணுக்கள் வருஷக்கணக்கில் அங்கேயே நின்று திசுவைக் கெடுத்தனவா, இல்லை புற்று வந்த பிறகு கூடியவையா? ஸ்லைடைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நானும் அன்று வெகுநேரம் பார்த்தேன்.

மரபணு ஆய்வு உதவுவது இந்த இடத்தில்தான். பெற்றோரிடமிருந்து எந்த மரபணு வடிவம் வரும் என்பது கருவிலேயே சீட்டுக் குலுக்கியது போல முடிவாகிவிடுகிறது. பிற்பாடு வரும் நோய் அதை மாற்றாது. ஆகவே ஒரு வகை அணுவைக் கூடுதலாக்கும் வடிவம் உள்ளவர்களுக்குப் புற்று அதிகம் வருகிறதா என்று பார்த்தால், எது முந்தியது என்ற குழப்பம் பெருமளவு தீரும். 1986இல் மார்ட்டைன் கட்டான் என்ற டச்சு விஞ்ஞானி இந்த யோசனையை முன்வைத்ததும் லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதிய ஒரு கடிதத்தில்தான்.

சரி, ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகள் பல, 2020இல் வெளியான, இத்தாலியின் சார்டீனியத் தீவுத் தரவை நம்பி நிற்பவை. 3,757 பேரின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றி எடுத்த 731 அளவுகள் அவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே புற்றோடு ஒப்பிட்டு, தற்செயலாகத் தவறு வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்ற வழக்கமான வரம்பை மட்டும் வைத்தால், உண்மையில் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் 37 அளவுகள் தொடர்புள்ளவை போலத் தெரியும். இதற்கான திருத்தம் செய்யப்பட்டதா என்று செய்தியில் ஒரு வரி இல்லை. அதோடு, அங்கே அளந்தது ரத்தத்தில். நான் பார்த்த கூட்டம் இருந்ததோ இரைப்பைச் சுவரில்.

இவ்வளவும் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு. தனி ஒருவருக்குப் புற்று வருமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பைலோரியோ 1994லேயே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையால் வகைப்படுத்தப்பட்டது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இரைப்பைப் புற்று இருந்தவர்களிடம் தென்கொரியாவில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. கிருமிக்கு மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்று வந்திருந்தது.

அண்ணன் போன பிறகு நான் என்னையே சோதித்துக்கொண்டேன். கிருமி இருந்தது. 14 நாள் மாத்திரை. அப்புறம் ஆறு வாரம் கழித்து மூச்சுச் சோதனையில் இல்லை என்று வந்தது. அண்ணனின் மூத்த மகன் இன்னும் சோதனைக்குப் போகவில்லை. "அதான் மரபணு டெஸ்ட்டே வரப்போகுதே அத்தை" என்று உங்கள் செய்தியைத்தான் எனக்கு அனுப்பினான். அவன் கண்ணில் படும்படி, இந்தக் கடிதத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன் ஒருவர்