பையில் வந்த மருந்துப் போத்தல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பையில் ஒரு மருந்துப் போத்தல் இருந்தது. இளஞ்சிவப்பு மருந்து, பாதிக்கு மேல் மீதம். "சளி பிடித்திருக்கிறது, ஓய்வு நேரத்தில் ஒரு கரண்டி கொடுத்துவிடுங்கள் டீச்சர்" என்று அம்மாவின் சீட்டும் உடன் இருந்தது. லேபிளில் இருந்த பெயரோ அவனுடைய அக்காவுடையது. தேதி இரண்டு மாதம் பழையது. கீழே 'ஆண்டிபயோட்டிக், ஹாபிஸ்கான்' (மலாயில், 'முழுவதையும் முடித்துவிடவும்') என்று கிளினிக்கில் அச்சடித்தது அழியாமல் இருந்தது.

அந்த அம்மாவின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மீந்த மாத்திரைகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பல வருடம் சேர்த்து வைத்திருந்தவன் நான்.

சளி, சாதாரணக் காய்ச்சல், நம் பள்ளிக்கு அடிக்கடி வந்துபோகும் கை கால் வாய் நோய் ஆகியவை வைரஸால் வருபவை. ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. போதாததற்கு, தண்ணீர் கலந்த சிரப் ஒன்றிரண்டு வாரத்துக்குமேல் வீரியத்தோடு இருப்பதும் அரிது.

"உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று பலரும் சொல்கிறோம். பழகுவது உடம்பு அல்ல, கிருமி. அரைகுறையாக மருந்து கொடுத்தால் வலுவற்ற கிருமிகள் சாகும்; தாக்குப்பிடித்தவை மிஞ்சிப் பெருகும். பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தம் நோபல் உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். ஒரே தண்ணீர்ப் போத்தலில் நான்கு பேர் வாய் வைக்கும் வகுப்பில் அப்படிப்பட்ட கிருமி ஒரு பிள்ளையோடு நின்றுவிடாது. ஒரு வீட்டு விஷயத்தில் பள்ளி தலையிடுவதும் அதனால்தான்.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி, மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆண்டிபயாட்டிக் விற்கக் கூடாது. ஆனால் சட்டம் கடைவாசலோடு நின்றுவிடுகிறது, நம் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் வருவதில்லை.

இனி, லேபிளில் மாணவரின் பெயரும் அண்மைத் தேதியும் இல்லாத மருந்தை ஆசிரியர்கள் கொடுக்க மாட்டார்கள். மருத்துவர் ஆண்டிபயாட்டிக் எழுதினால், பள்ளி நேரத்தைத் தவிர்த்துக் கொடுக்க முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சொன்ன நாள்வரை கொடுங்கள். பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதவில்லை என்றால் வற்புறுத்தியும் கேட்க வேண்டாம். "ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்" என்று பட்டர்வொர்த்தில் என் பாட்டி சண்டை பிடித்தது நினைவுக்கு வருகிறது. மூச்சுத்திணறலோ, காய்ச்சல் இறங்காமலோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மீந்த மருந்தைச் சாக்கடையில் ஊற்றாமல் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். அந்த இளஞ்சிவப்புப் போத்தலை அம்மா அங்கேதான் சேர்த்தார். பையனுக்குச் சளி தானாகவே போய்விட்டது; திங்கட்கிழமை சபைகூடலில் கடைசி வரிசையில் பேசிக்கொண்டு நின்றவர்களில் அவனும் ஒருவன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
பினாங்கு