நான்கெல்லையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வம்சாவளி தேடும் பலரும் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். எங்கள் வீட்டில் கோவிந்தசாமி, முத்துசாமி என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்து, யார் அப்பா, யார் பிள்ளை என்று தலை சுற்றியது. பிறப்புச் சான்றிதழா? அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் பதிந்தார்கள்!

கடைசியில் கைகொடுத்தது அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடந்த கிரயப் பத்திரம். விற்றவர், வாங்கியவர் இருவரின் தகப்பனார் பெயரும் ஊரும் அதில் இருந்தன. பலர் அதோடு மடித்து வைத்துவிடுவார்கள். நான்கெல்லை எழுதியிருக்கும் பத்தியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 'வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால்' என்று வரும். அந்த இன்னார் பல நேரம் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளியாக இருப்பார். எங்கள் வடக்கு எல்லைக்காரரின் பேரப்பிள்ளைகள் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறார்கள். விசாரித்தால், அவர்கள் வீட்டிலும் அதே இரண்டு பெயர்கள்!

அப்புறம் இன்னொன்று. முன்னோர் யாராவது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தால், 1860 முதல் 1911 வரை சென்றவர்களின் கப்பல் பட்டியல்கள் உண்டு. தகப்பன் பெயர், கிராமம், தாலுகா வரை அதில் எழுதியிருக்கிறார்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய நிலப் பதிவேடுகள் அனைத்தையும் ஊர்ப் பெயரைத் தட்டினால் வருகிற மாதிரி இணையத்தில் ஏற்றினால், மூட்டுவலிக்காரர்களான எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை