மீதி ஏழு மூட்டுகள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா நான்கு முறை பார்த்தாள். நான் ஒரே முறைதான் பார்த்தேன், ஆனால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டூலின் காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம். மரவேலை வகுப்பில் நீ போட்ட முதல் மூட்டு என்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருப்பதும் நன்றாகத் தெரிகிறது. அந்தக் குழம்பை நானே எத்தனையோ கதவுகளில் பூசியிருக்கிறேன் அம்மா. என்னிடமேவா?

அந்த இடைவெளி எப்படி வந்தது என்று சொல்லட்டுமா? நாக்கு, அதாவது காலின் துளைக்குள் நுழையும் சட்டத்தின் முனை, அறுப்பதற்காகச் சட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கோடு போட்டிருப்பாய். முதல் பக்கத்தில் புறப்பட்ட கோடு நான்காம் பக்கத்துக்கு வந்தபோது, புறப்பட்ட இடத்தில் சேராமல் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றிருக்கும். பரவாயில்லை என்று ரம்பத்தை எடுத்துவிட்டாய். கோடு விலகியதற்குக் காரணம், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை ஒவ்வொரு முறையும் கைக்கு வந்த பக்கத்தில் சாய்த்து வைத்ததுதான். முதலில் சட்டத்தின் ஒரு அகலப் பக்கத்தையும் அதை ஒட்டிய ஒரு விளிம்பையும் நேராக இழைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்த்து, இரண்டிலும் பென்சிலால் அடையாளம் போட்டுக்கொள். அதன் பிறகு மூலைமட்டத்தின் கட்டை அந்த இரண்டு பக்கங்களைத் தவிர வேறெதிலும் சாயக்கூடாது. மற்ற இரண்டு பக்கங்களும் சற்றுக் கோணலாகவே இருந்தாலும் கோடு சுற்றி வந்து சேர்ந்துவிடும்.

மூலைமட்டமே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். கேட்கத்தான் வேண்டும், வகுப்பில் இருக்கும் மட்டங்கள் பல பேர் கையிலிருந்து தரையில் விழுந்து எழுந்தவை. நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு இழு. மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்து போனால், நீ பார்க்கும் விலகல் அதன் பிழையைப்போல் இரண்டு மடங்கு.

இன்னொன்று, நாக்கின் தோளுக்கு, அதாவது நாக்கு தொடங்கும் படிக்கு, பென்சில் கோடு போதாது. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. அதன் எந்த ஓரத்தில் அறுப்பது என்று ரம்பத்துக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கூரான கத்தியால் கோடு கீறு. கழிவுப் பக்கத்திலிருந்து, அதாவது அறுத்து வீசும் பக்கத்திலிருந்து, உளியால் லேசாகச் சாய்வாகச் சீவினால் கோட்டை ஒட்டி ஒரு சிறு பள்ளம் விழும். ரம்பத்தை அதில் இறக்கு. பல்லின் அகலம் முழுவதும் கழிவுப் பக்கமே போகட்டும். கத்திக் கோட்டின் பாதி உன் சட்டத்தில் தங்க வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உளி வெட்டாமல் மரத்தைப் பிய்க்கிறது, விலை உயர்ந்ததாக ஒன்று வாங்கட்டுமா என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். எந்த உளியும் கடையிலிருந்து வரும்போது உளியாக வருவதில்லை, உளியாகத் தகுந்த இரும்பாகத்தான் வருகிறது. அதன் முதுகை, சரிவில்லாத பக்கத்தை, பார். தட்டையாகத் தெரியும், தீட்டுக்கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் நடுவில் பள்ளமும் ஓரங்களில் மேடும் இருப்பது வெளிப்பட்டுவிடும். வெட்டுவாயை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்த்தால் போதும். இது உளிக்கு ஆயுளில் ஒருமுறை செய்யும் வேலை, சலிப்பான வேலை. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்.

பிறகு சரிவுப் பக்கம். பொதுவாக 25 பாகைச் சரிவோடு வரும். கைப்பிடியை ஒரு நூல் தூக்கி 30 பாகைக்குக் கொண்டுவந்து, நுனியை மட்டும் 1000 எண் கல்லில் தீட்டு. பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு முதுகுப் பக்கம் விரலை நுனிக்கு வெளியே தள்ளும் போக்கில் மெல்ல நகர்த்திப் பார். ஒரு பிசிர் தட்டுப்படும். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அறுபடாமல் பிசிர் தட்டுப்பட்டால் கல் நுனியைத் தொட்டுவிட்டது என்று பொருள். தட்டுப்படாத இடத்தில் இன்னும் மழுங்கல் இருக்கிறது. அதன் பிறகுதான் அதைவிட நுண்ணிய 6000 எண் கல். உளியின் முதுகைக் கல்லில் படுக்க வைத்துப் பிசிரை நீக்கு. கூர் வந்ததா என்று நகத்தில் பார்க்காதே, மயிரைச் சிரைத்துப் பார்க்கிறவர்களையும் நான் மதிப்பதில்லை. மென்மரத் துண்டின் தலைப்பக்கத்தை, அதாவது நார்கள் குறுக்கே வெட்டுப்பட்ட பக்கத்தை, சீவிப் பார். பளபளவென்று வந்தால் கூர். நார் நசுங்கி வெள்ளையாகத் தெரிந்தால் மறுபடி கல்லுக்குப் போ.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. என் இடது உள்ளங்கையில் இருக்கும் வெள்ளைத் தழும்பை நீ சின்ன வயதில் ஆறு என்று சொல்லி விரலால் தடவிக்கொண்டே போவாய். பூனை கீறியது என்று சொல்லி வைத்திருந்தேன். பூனை இல்லை. வேலை பழகிய முதல் ஆண்டு, பொழுது சாய்ந்த நேரம். இன்னும் ஒரே ஒரு துளைதானே என்று தீட்டச் சோம்பல்பட்டு, கட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். கூரான உளிக்கு விரல் பலம் போதும். மழுங்கிய உளியை முழுத் தோளையும் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அது வழுக்கியபோது எதிரே இருந்தது என் கை. ஆகவே கட்டையைப் பிடிப்பது வைஸின் வேலை, கிளாம்பின் வேலை. உன் இரண்டு கைகளும் எப்போதும் வெட்டுவாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

இழைப்புளி பிய்க்கிறது என்றால் அது கூர்ப் பிரச்சினையாகவும் இருக்கலாம், திசைப் பிரச்சினையாகவும் இருக்கலாம். மயிலிறகை அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் படியும், நுனியிலிருந்து அடிக்குத் தடவினால் சிலிர்க்கும். பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும். அது ஏறும் திசையிலேயே இழை. தெரியவில்லையா, மெல்லியதாக ஒரு சீவல் எடுத்துப் பார்த்துவிட்டுப் பலகையைத் திருப்பிக்கொள்.

ஸ்டூலின் மேல்பலகையை நான்கு பக்கமும் பசை போட்டுச் சட்டத்தோடு இறுக்கிவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். செய்யாதே. பலகை நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் ஈரக் காலத்தில் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும். அதைப் பிடித்து நிறுத்துமளவுக்குப் பசைக்கு வலு இருந்தால் பலகைதான் பிளக்கும். சட்டத்தில் திருகாணித் துளையைப் பலகையின் அகலப் போக்கில் நீள்துளையாகப் போட்டு, கீழிருந்து திருகு.

இயந்திரங்களைப் பற்றி உன் ஆசிரியர் சொல்லியிருப்பார், அவர் சொல்வதைக் கேள். வட்ட ரம்ப மேசையைப் பற்றி மட்டும் நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வட்டின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி உன்னை நோக்கி வருகின்றன. பலகை சற்றுத் திரும்பி அவற்றில் மாட்டினால் அது உன்மேல்தான் பறக்கும். வட்டுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நில். கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாதே, தள்ளுகோலால் தள்ளு. கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுக்கொள்ளாதே. சுழலும் பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கூந்தலை முடிந்துகொள்.

உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி போடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நான் வாயில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் தேய்த்தேன். இப்போது அம்மா என் இருமலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்வதில்லை, பார்ப்பதோடு சரி.

அந்த முதல் மூட்டைப் பிரிக்காதே, அடைத்ததைச் சுரண்டவும் செய்யாதே. அது அப்படியே ஸ்டூலில் இருக்கட்டும். நான்கு சட்டத்துக்கு எட்டு மூட்டு, இன்னும் ஏழு பாக்கி இருக்கிறது. எட்டாவதைப் படமெடுக்கும்போது ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, கீழ்ப்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா