சேகருக்கு, காட்பாடியிலிருந்து

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் விடுகிற மாதிரி இல்லை. நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. மறுநாளே பேப்பர் கேட்டு ரகளை. உன் கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் என்கிற தனியுரிமை கிடைத்து, கம்பெனியில் உனக்குத் தகடு கொடுத்ததை உங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷம்டா, கிண்டல் இல்லை.

இலவசமாக எடுத்து மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான எங்கள் குழு, சாஃப்ட்வேர் பேட்டன்ட் வேண்டாம் என்று தீர்மானம் போட்டதைப் பார்த்துவிட்டு, "கோட் எழுதறவங்களுக்கு எதுக்குடா இந்த அரசியல்?" என்று எழுதியிருந்தாய். குழுவுக்குள்ளேயே அந்தச் சண்டை நடந்தது. பாதிப் பேர் பிளேஸ்மென்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். "நாளைக்கு வேலை குடுக்கப்போற கம்பெனியே பேட்டன்ட் வெச்சிருக்கும் சார், நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயம்தான். ஆள் பேரே இல்லாமல் குழுவின் பெயரில் மட்டும் போட்டோம்.

ஆனால் நாம் வாயை மூடிக்கொண்டால் பேட்டன்ட் நம்மை விட்டுவிடுமா? நான் லேபில் சேர்ந்த புதிதில் எல்லா மெஷினிலும் ஃபெடோரா என்கிற லினக்ஸ் போட்டிருந்தேன். பையன்கள் பென் டிரைவில் பாட்டு கொண்டுவந்து கிளிக் பண்ணுவார்கள். பிளேயர் திறக்கும், பாட்டு ஃபைலைப் பிரித்துப் பாடவைக்கிற டிகோடர் இல்லை என்று ஒரு பெட்டி வரும், அதோடு சரி. "ஓசியில வந்தா இப்படித்தான் சார்" என்று சிரிப்பார்கள். எம்பி3 பாடவைக்கிற கோட் எப்போதோ எழுதித் தயாராக இருந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவர்கள் அமெரிக்காவில் பேட்டன்ட் வைத்திருந்ததால் ஃபெடோராக்காரர்கள் அதைச் சேர்க்கவில்லை. வெளியிலிருந்து எடுத்து மெஷின் மெஷினாக நான் போட்டேன். 2016 கடைசியில்தான் ஃபெடோராவிலேயே எம்பி3 பாடியது. காட்பாடிப் பையன் பாட்டுக் கேட்க, எங்கேயோ பேட்டன்ட் காலாவதியாக வேண்டியிருந்தது!

லினக்ஸ் திரைக்கான புரோகிராம்களை எழுதுகிற க்னோம் அமைப்பின் விஷயமும் உனக்குத் தெரியும். ஷாட்வெல் என்கிற போட்டோ புரோகிராமை வைத்து 2019-ல் ராத்ஸ்சைல்ட் பேட்டன்ட் இமேஜிங் என்கிற கம்பெனி அவர்கள் மேல் கேஸ் போட்டது. பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வழி இருந்தது. க்னோம் மாட்டேன் என்று ஊர் உலகத்தில் நன்கொடை திரட்டி நின்றது. 2020 மே மாதம் கேஸ் சமரசமாயிற்று. கோடை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்கிற ஓபன் சோர்ஸ் லைசென்ஸில் வருகிற எந்த சாஃப்ட்வேர் மேலும் தன் பேட்டன்டைக் காட்டி வர மாட்டோம் என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தது. க்னோம் பேசாமல் காசைக் கட்டியிருந்தால் அடுத்த ஆள் யாரோ?

சட்டம் எழுதுகிற இடத்திலும் இதே கதைதான். நம் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பேட்டன்ட் கிடையாது என்கிறது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005-ல் பார்லிமென்ட் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. அதே வருஷம் ஜூலையில் ஐரோப்பிய பார்லிமென்ட் 648-க்கு 14 என்று தங்கள் ஊர் சாஃப்ட்வேர் பேட்டன்ட் சட்ட வரைவைத் தூக்கியெறிந்தது. 2015 ஆகஸ்டில் நம் பேட்டன்ட் ஆபீஸ், சாஃப்ட்வேருக்குப் பேட்டன்ட் கிடைக்க வழிவிடுகிற மாதிரி புது வழிகாட்டுதல் போட்டது. எதிர்த்துப் பலரும் எழுதினார்கள், டிசம்பரில் நிறுத்திவைத்தார்கள். எழுதாமல் இருந்திருந்தால் கம்பெனி வக்கீல்களின் குரல் மட்டும்தான் அங்கே கேட்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் உன் பக்கம் நான். எந்தப் பேட்டன்ட் எந்த வரியில் இடிக்கிறது என்று குழுவில் உட்கார்ந்து அலசக் கூடாது. தெரிந்தே மீறினான் என்று அமெரிக்கக் கோர்ட்டில் தீர்ப்பானால் நஷ்டஈடு மூன்று மடங்கு வரைக்கும் போகலாம். அது வக்கீல் வேலை. மருந்து பேட்டன்டையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னார் ஒருவர். சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர், ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் வெட்டிவிட்டேன். மருந்து பற்றி நாம் சொல்ல என்ன தகுதி? நமக்குத் தெரிந்தது கோட். ஒரே பிரச்சினையை இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து தீர்த்தால் அநேகமாக ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அதில் ஒருத்தனுக்கு மட்டும் 20 வருஷ உரிமை என்பதை நீயே ஒத்துக்கொள்ள மாட்டாய். எழுதிய கோடைக் காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ள காப்பிரைட் இருக்கிறதே.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஓபன் இன்வென்ஷன் நெட்வொர்க் தெரியுமில்லையா, லினக்ஸ் மேல் பேட்டன்டைப் பிரயோகிப்பதில்லை என்று கம்பெனிகள் ஒருவருக்கொருவர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிற இடம். 2018-ல் மைக்ரோசாஃப்டே சேர்ந்துவிட்டது. உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று லீகல் ஆட்களிடம் கேள். இல்லையென்றால் ஏன் என்றும் கேள். தகடு வாங்கின ஆள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும். ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது அந்தப் பதிலோடு வா.

உன்,
பழனி