பிளஸ் ஒன்னில் ஒரு கல்லூரிப் பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்தி குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். கடந்த ஜூலையில் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பைத்தான் என்ற கணினி நிரல்மொழிப் பாடம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தாள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் தளம் அது. கல்லூரி மாணவர்களுக்கான பாடம்தான். ஆனால் சேர யாரும் வயது கேட்பதில்லை, பணமும் கேட்பதில்லை. தேர்வு எழுத மட்டும் 1000 ரூபாய். விஷயம் தெரிந்ததும் வகுப்பாசிரியை என் மருமகளை வரச்சொல்லி, "இதெல்லாம் காலேஜ் போய்ப் பார்த்துக்கலாம்மா, இப்ப மார்க் குறைஞ்சா யார் பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறார்.

பதினாறு வயதுக்குக் கல்லூரிப் பாடம் பாரம் என்ற நினைப்பு நமக்கு எப்போது வந்தது? 1978-ல் பிளஸ் டூ வரும்வரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பி.யு.சி. என்ற ஒரு வருடப் புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குத்தானே போனோம்! நான் 1975-ல் குடியாத்தத்தில் பஸ் ஏறி வேலூருக்குப் படிக்கப் போனவன். அதுவரை தமிழ் மீடியம். முதல் மூன்று மாதம் விரிவுரையாளர் பேசியதில் பாதி புரியவில்லை. பக்கத்தில் இருந்தவனும் என்னைப் போலவே முழிப்பான். அப்புறம் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துத் தேறினோம். நாங்கள் பெரிய அறிவாளிகள் இல்லை. எங்கள் செட்டில் எல்லோருமே அப்படித்தான். அதற்கும் முன்னால், டாக்டர் ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரீசு கல்லூரியில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து முதல் கல்லூரிப் படிப்பைப் படித்ததும் இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் வயதில்தான்.

பேத்தி கதைக்கு வருகிறேன். பாதி வழியில், ஒரு நிரல் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் கணக்கு ஒன்று வந்தது. அதில் மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அழுகை. விட்டுவிடு கண்ணு என்று நானே சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அவள் விடவில்லை. பழைய நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு படியாக எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினாள். விடை வந்துவிட்டதாம்.

வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்பது அங்கே கணக்கு. பயிற்சியில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. இவள் இரண்டிலும் சேர்த்து வாங்கியது 52. பள்ளியில் 90-க்குக் கீழே இறங்காத பெண்! என்றாலும் அவள் வாங்கிய மார்க்கிலேயே எனக்குப் பிடித்தது அந்த 52-தான். அதில் ஒன்றுகூட மனப்பாடத்தில் வந்ததில்லை.

எல்லாப் பிள்ளைகளும் இதைச் செய்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்படுகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்கிறேன். நீட் பயிற்சி என்றால் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து இரண்டு வருடத்தைத் தூக்கிக் கொடுக்கிறோம். அப்போது யாரும் பாரம் என்று சொல்வதில்லையே.

அமெரிக்காவில் ஏ.பி. என்ற பெயரில் 1950-களிலிருந்தே உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரப் பாடம் வைக்கிறார்கள். தேர்வில் 5-க்கு 3 வாங்கினால் பல கல்லூரிகள் அதற்கு கிரெடிட் தருகின்றன. மறுபடி அதே பாடத்தில் உட்கார வேண்டியதில்லை. இங்கேயும் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் வருகிற மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்று 2021-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி செய்திருக்கிறது. பள்ளியில் இருக்கும்போதே முடித்துவிட்ட பாடத்தையும் அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு கணக்கில் எடுத்தால் என்ன? சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் ஒரு முதலாண்டு வகுப்பில் நாலு பிளஸ் ஒன் பிள்ளைகளை உட்கார வைத்தால்கூடப் போதும்; காட்பாடிக்கும் வேலூருக்கும் பஸ்ஸுக்கா பஞ்சம்?

பேத்தி ஜனவரிப் பருவத்துக்கும் ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். இந்த முறை பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை.

— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், குடியாத்தம்